மால்போர்க் கோட்டை: வெளியிலிருந்து ஒரு நாள், உள்ளிருந்து ஒரு நாள்

போலந்தின் வடபகுதியில், கிதான்ஸ்க் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தென்கிழக்கே, நோகாத் ஆற்றின் கரையில், டியூட்டானிக் சபை என்ற துறவி வீரர்கள் எழுப்பிய மால்போர்க் கோட்டையை ஒரே வாரத்தில் இரண்டு முறை சென்று பார்த்தேன். முதல் முறை ஒரு தனியார் நிறுவனத்தின் அரை நாள் சுற்றுலாவில் சேர்ந்து போனேன். அதில் கிடைத்த ஏமாற்றம் தாங்காமல், மூன்று நாள் கழித்து ரயிலேறித் தனியாகப் போய், அருங்காட்சியகம் நுழைவுச்சீட்டுடனேயே தருகின்ற ஒலிவழிகாட்டிக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு முழு நாளும் அங்கேயே இருந்தேன். ஒரே இடத்தைப் பார்க்கும் இந்த இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை. சுருக்கமாகச் சொன்னால், அரை நாள் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணம் வீண். முழு நாள் பார்வைக்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் தகும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் பதிவு செய்த சுற்றுலா ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் 'பச்சை வழி' எனப்படும் குறுகிய பாதையை மட்டுமே திறந்து வைக்கிறது. முற்றங்கள், மதில்கள், அகழிகள் ஆகியவற்றைச் சுற்றி வரலாம், ஆனால் கூடங்களும் கண்காட்சிகளும் பூட்டியிருக்கும். அதற்கான நுழைவுச்சீட்டின் விலையும் குறைவு. இதை அருங்காட்சியகம் மறைப்பதில்லை. சுற்றுலா நிறுவனம்தான் தன் விளம்பரத்தில் உட்கூடங்களின் படங்களைப் போட்டு, முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பேருந்து கோட்டை வாசலை நெருங்கிய பிறகுதான் "இன்று உள்ளே போக முடியாது" என்று சொன்னது. வழிகாட்டியாக வந்தவர் அன்பான மனிதர். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. இருந்தாலும், அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த எண்பது நிமிடங்களில் மதிலின் உயரம், வாளின் எடை, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய கோட்டை என்ற பெருமை ஆகிய மூன்றையும் தவிர வேறெதையும் சொல்ல அவருக்கு நேரமிருக்கவில்லை. "வீரர்கள் வருவதற்கு முன்பு இந்த மண்ணில் யார் வாழ்ந்தார்கள்?" என்று எங்கள் குழுவில் ஒரு பெண்மணி கேட்டபோது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பதே பதிலாக வந்தது.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கோட்டையைப் பார்க்கத் தொடங்க வேண்டும். இங்கே வாழ்ந்தவர்கள் பிரஷ்யர்கள். லித்துவானியர்களுக்கும் லாத்வியர்களுக்கும் உறவான பால்டிக் மொழி பேசிய, கிறித்தவத்தை ஏற்காத பழங்குடி மக்கள். தெற்கே இருந்த மசோவியக் கோமகன் கொன்ராட், அவர்களோடு எல்லைச் சண்டை ஓயாததால், 1226-ஆம் ஆண்டில் டியூட்டானிக் சபையைத் துணைக்கு அழைத்தார். அந்தச் சபையோ அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1190-இல், மூன்றாம் சிலுவைப்போரின்போது ஆக்கர் நகரின் முற்றுகைக் களத்தில், பிரேமன், லூபெக் என்ற ஜெர்மானிய நகரங்களின் வணிகர்கள் தொடங்கிய ஒரு மருத்துவமனையாகப் பிறந்தது. 1198-இல் படைச்சபையாக மாறியது. நோயாளிகளைப் பேணுவதற்கென்று கூடியவர்கள் வாளேந்திய துறவிகளானார்கள். வெள்ளை மேலங்கியும் கருஞ்சிலுவையும் அவர்களின் அடையாளம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் மற்றத் துறவிகளைப் போலவே அவர்களும் எடுத்தார்கள்.

இங்கே வருவதற்கு முன்பு அவர்கள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். 1211-இல் அங்கேரி மன்னர் இரண்டாம் ஆண்ட்ராஷ் அவர்களைத் தம் நாட்டின் தென்கிழக்கு எல்லையைக் காக்க அழைத்து, அவர்கள் அங்கே தனி அரசு நடத்த முயல்வதாகக் கண்டு 1225-இல் துரத்திவிட்டார். எனவே இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது, சபையின் பெருந்தலைவர் ஹெர்மன் ஃபொன் சால்சா முன்கூட்டியே பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம், பின்னர் திருத்தந்தையிடம் என்று உரிமைச் சாசனங்களை வாங்கி வைத்துக்கொண்டார். காவலுக்கு வந்தவர்கள் நாட்டுக்கே உரிமையாளர்களானது அந்தச் சாசனங்களின் பலத்தால்தான். 1260-இல் எழுந்த பிரஷ்யரின் பெருங்கிளர்ச்சி ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் நீடித்து அடக்கப்பட்டது. அதே காலத்தில்தான், 1270-களில், நோகாத் கரையில் இந்தக் கோட்டையின் கட்டுமானமும் தொடங்கியது. கன்னி மரியாளின் பெயரால் அதை மரியன்பூர்க் என்று அழைத்தார்கள். மாண்டுபோன மக்களின் மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு முற்றிலும் அழிந்தது; அவர்களின் பெயரை மட்டும் பின்னால் வந்த ஜெர்மானிய அரசு எடுத்துக்கொண்டது. இந்தக் கோட்டையின் அழகைப் பாராட்டும் எவரும் இதை மறந்துவிட்டுப் பாராட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் முறை நான் போனது வியாழக்கிழமை. ஒலிவழிகாட்டிக் கருவி நாம் நிற்கும் இடத்தைத் தானாகவே உணர்ந்து அந்த இடத்துக்கான உரையைத் தொடங்குகிறது. எண்களைத் தேடி அழுத்த வேண்டியதில்லை. முழுப் பாதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நான் ஆங்கில ஒலிப்பதிவில் கேட்டேன். நிதானமான குரல், தெளிவான வழிச்சொற்கள். கருவியை நிறுத்திவிட்டு ஒரு கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கிளப்பி விடுவதில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய வசதியாகத் தெரிந்தது.

கோட்டை மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது: கிடங்குகளும் பட்டறைகளும் இருந்த கீழ்க்கோட்டை, ஆட்சிக்கும் விருந்தினருக்குமான நடுக்கோட்டை, துறவிகள் வாழ்ந்த மேல்கோட்டை. நடுக்கோட்டை முற்றத்தில் நான்கு பெருந்தலைவர்களின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு நினைவுச்சின்னத்துக்காக வார்க்கப்பட்டவை அவை. முதல் நாள் அவற்றின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். இரண்டாம் நாள்தான் அந்த நால்வரையும் வரிசையாகப் படித்தேன். சாசனங்களைத் தேடிக் கொணர்ந்த சால்சா. 1309-இல் சபையின் தலைமையகத்தை வெனிசிலிருந்து இங்கே மாற்றிய சீக்ஃப்ரீட் ஃபொன் ஃபோய்க்ட்வாங்கன். 1351 முதல் 1382 வரை சபையை அதன் உச்சத்தில் வைத்திருந்த வின்ரிக் ஃபொன் க்னிப்ரோட. 1525-இல் சபை உடையைக் களைந்து, லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்று, போலந்து மன்னருக்குக் கீழ்ப்பட்ட கோமகனாக மண்டியிட்ட ஆல்பிரெக்ட். தொடங்கியவரும் முடித்தவரும் ஒரே முற்றத்தில் நிற்கிறார்கள். கோட்டையைக் காப்பாற்றிய மனிதருக்கு மட்டும் அங்கே சிலை இல்லை. அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நடுக்கோட்டையின் பெரிய உணவறை, உள்ளே நுழைந்தவுடன் பேச்சை நிறுத்திவிடும் இடம். சுமார் 30 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கூடத்தின் கூரை முழுவதையும் மூன்றே மூன்று மெல்லிய கருங்கல் தூண்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் விலாவெலும்பு போன்ற கட்டட வரிகள் பனையோலை விரிவது போல விரிந்து வளைவுகளாகின்றன. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் தரையைப் பார்க்கச் சொல்வேன். தரையில் வட்டமான சிறு துளைகள் இருக்கின்றன. கீழ்த்தளத்து உலையின் மேல் கற்களை அடுக்கி, நெருப்பு மூட்டி அவற்றைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். நெருப்பு தணிந்து புகை வெளியேறிய பிறகு, இந்தத் துளைகளின் மூடிகளைத் திறந்தால், கற்களில் தேங்கிய வெப்பம் தூய காற்றாக மேலே எழும். பால்டிக் குளிரில் நூற்றுக்கணக்கானோர் அமரும் கூடம், ஒரு துளிப் புகையில்லாமல் சூடாகியிருக்கிறது. அக்டோபர் மாதத்தின் ஈரக் குளிரில் அந்தத் துளையின் மீது குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்ற காற்றுதான் பட்டது. எனினும் அந்த ஒரு துளையிலிருந்து இந்தச் சபையின் ஒழுங்கும் செல்வமும் ஆள்பலமும் எனக்குப் புரிந்த அளவுக்கு எந்தக் கவச உடையிலிருந்தும் புரியவில்லை.

அங்கே விருந்துண்டவர்கள் யார் என்பது முக்கியம். பிரஷ்யா அடங்கிய பிறகு சபையின் வாள் லித்துவானியாவை நோக்கித் திரும்பியது. குளிரில் சதுப்புகள் உறைந்திருக்கும்போதும் கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போதும் 'ரைஸ' எனப்படும் படையெடுப்புகள் புறப்படும். ஐரோப்பா முழுவதிலுமிருந்து உயர்குடி வீரர்கள் தம் செலவில் வந்து அதில் கலந்துகொண்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி மன்னராக முடிசூடியவரும் 1390-இல் அப்படி வந்தவர்தான். எல்லையோரக் கோட்டை ஒன்று எப்படி ஐரோப்பியப் பிரபுக்களின் கூடுமிடமாகவும் ஆயிற்று என்பதற்கு இந்த உணவறையே சாட்சி. ஆனால் 1386-இல் லித்துவானியக் கோமகன் யாகெல்லோ திருமுழுக்குப் பெற்று, போலந்தை ஆண்டுகொண்டிருந்த அரசி யாத்விகாவை மணந்து, விளாடிஸ்லாவ் என்ற பெயரில் போலந்து மன்னரானார். மறு ஆண்டு அவருடைய நாடும் கிறித்தவத்தை ஏற்றது. யாரை மதம் மாற்றப் போர் என்று சொன்னார்களோ அவர்கள் மாறிவிட்டார்கள். போர் மட்டும் நிற்கவில்லை.

மேல்கோட்டைக்குள் போகும்போதுதான் இது ஒரு மடம் என்பது உறைக்கும். நடுவில் கிணறு கொண்ட முற்றம், அதைச் சுற்றி அடுக்கு நடைகூடங்கள், சமையலறை, ஆலோசனைக் கூடம், பொதுத் துயிற்கூடம், ஆலயம். சபையின் ஒழுங்குவிதிப்படி சகோதரர்கள் மெல்லுடையோடுதான் உறங்க வேண்டும், துயிற்கூடத்தில் இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இறைச்சி, மூன்று நாள் பாலும் முட்டையும், வெள்ளிக்கிழமை நோன்பு. ஆலயத்தின் 'பொன் வாயில்' பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; வளைவின் இருபுறமும் நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். விளக்கை நிமிர்த்திப் பிடித்த அறிவுள்ள ஐவர் ஒரு புறம், எண்ணெய் தீர்ந்து விளக்கு கவிழ்ந்த ஐவர் மறுபுறம். கவிழ்ந்த விளக்கோடு நிற்கும் ஒருத்தியின் முகத்தில் உள்ள கலக்கத்தைப் பார்த்தபடி நான் நெடுநேரம் நின்றேன். மதிலிலிருந்து தள்ளி நிற்கும் 'கிதானிஸ்கோ' என்ற கோபுரத்துக்கு வளைவுகளின் மேல் அமைந்த நீண்ட நடைபாதை ஒன்று போகிறது. அது கழிப்பறைக் கோபுரம்; கோட்டை வீழும் நிலை வந்தால் கடைசி அரணாகவும் பயன்படும்படி கட்டியிருக்கிறார்கள்.

இனி, இந்தக் கோட்டையின் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதிக்கு வருகிறேன். சபையின் கருவூலத்துக்கு மூன்று சாவிகள் இருந்தன. பெருந்தலைவர், பெருந்தளபதி, கருவூலர் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். 1399 முதல் 1409 வரையிலான கருவூலக் கணக்கேடு இன்றும் கிடைக்கிறது. தானிய ஏற்றுமதி, கடற்கரையில் ஒதுங்கும் அம்பர் என்ற கல்லாகிய மரப்பிசினின் மீதான தனியுரிமை என்று வருவாய் குவிந்த காலம் அது. அந்தக் கணக்கேடு முடிந்த மறு ஆண்டே, 1410 ஜூலை 15 அன்று, கிருன்வால்ட் களத்தில் போலந்து-லித்துவானியப் படை சபையை நொறுக்கியது. பெருந்தலைவர் உல்ரிக் ஃபொன் யுங்கிங்கன் அங்கேயே மாண்டார். சபையின் பெரும்பாலான தளபதிகளும் மாண்டார்கள். மன்னர் யாகெல்லோ பத்தே நாளில் மால்போர்க் மதிலுக்கு வந்து சேர்ந்தார். போர்க்களத்துக்குப் போகாமல் வேறிடத்தில் இருந்த ஹைன்ரிக் ஃபொன் பிளாவன் என்ற தளபதி அவரை முந்திக்கொண்டு கோட்டைக்குள் புகுந்து, எதிரிக்கு மறைவிடம் கிடைக்காதபடி சுற்றியிருந்த நகரைக் கொளுத்திவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். செப்டம்பரில் மன்னர் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

பெருந்தலைவர் மாளிகையின் கோடைக்கால உணவறையில் அந்த முற்றுகையின் நினைவாக ஒரு கல்குண்டு சுவரில் பதிந்து நிற்கிறது. அந்த அறையின் முழுக் கூரையையும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. தூணைக் குறிவைத்துச் சுட்டால் கூரை சரிந்து உள்ளே கூடியிருப்போர் அத்தனை பேரும் நசுங்குவார்கள் என்று திட்டமிட்டார்கள், குண்டு தப்பிச் சுவரில் பாய்ந்தது என்று கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையானாலும், பீரங்கியால் இந்தக் கோட்டை விழவில்லை என்பது மெய். இதை வீழ்த்தியது சம்பளப் பாக்கி.

1411-இல் கையெழுத்தான தோருன் உடன்படிக்கையில் சபை நிலத்தை அதிகம் இழக்கவில்லை. ஒரு லட்சம் கோப்பு பிராக் வெள்ளிக்காசுகளைத் தண்டமாகக் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு கோப்பு என்பது அறுபது காசு, ஆக மொத்தம் அறுபது லட்சம். அந்தக் கடனை அடைக்க வரி ஏறியது. வரி ஏறவே நகரங்களும் நிலப்பிரபுக்களும் முகம் சுளித்தார்கள். 1440-இல் பிரஷ்யக் கூட்டமைப்பு என்று ஒன்றுகூடினார்கள். 1454-இல் வெளிப்படையாகக் கிளர்ந்தெழுந்து போலந்து மன்னர் நான்காம் காசிமிரின் பக்கம் சேர்ந்தார்கள். பதின்மூன்று ஆண்டுப் போர் தொடங்கியது. சொந்த ஆட்கள் போதாமல் சபை கூலிப்படையை அமர்த்தியது. கூலி கொடுக்கப் பணமில்லாமல், குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் கோட்டைகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று அடகுப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. நாள் கடந்தது, பணம் வரவில்லை. 1457-இல் கூலிப்படைத் தலைவர்கள் மால்போர்க் கோட்டையை 1,90,000 அங்கேரியப் பொற்காசுகளுக்கு எதிரியான போலந்து மன்னருக்கே விற்றார்கள். பெருந்தலைவர் லூட்விக் ஃபொன் எர்லிக்ஸ்ஹவுசன் கோனிக்ஸ்பெர்க் போய்ச் சேர்ந்தார். ஏழ்மையை வார்த்தைப்பாடாக எடுத்தவர்கள் சேர்த்த செல்வம் கரைந்த விதத்தை அந்தக் கருவூல அறையில் நின்றபடி எண்ணிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அதற்காக யாரைக் குறைசொல்வது என்று தெரியவில்லை. வரி கட்டியவர்களையும் சொல்ல முடியாது, உயிரைப் பணயம் வைத்துவிட்டுக் கூலி கேட்டவர்களையும் சொல்ல முடியாது.

அதன்பின் கோட்டை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் போலந்து மன்னர்களின் உறைவிடங்களில் ஒன்றாக இருந்தது. 1772-இல் போலந்தைப் பங்கிட்டபோது பிரஷ்ய அரசின் கைக்கு வந்து, படைக்கொட்டிலாகவும் கிடங்காகவும் சீரழிந்தது. 1794-இல் ஃபிரெடரிக் கில்லி என்ற இளம் கட்டடக் கலைஞர் தீட்டிய ஓவியங்கள் மக்களின் கவனத்தை ஈர்க்க, 1817-இல் மறுசீரமைப்பு தொடங்கியது. 1882 முதல் நாற்பது ஆண்டுகள் கொன்ராட் ஷ்டைன்பிரெக்ட் அந்தப் பணியிலேயே வாழ்ந்தார். 1945-இன் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை இதை அரணாகப் பிடித்துக்கொண்டு சோவியத் படையோடு மார்ச் வரை சண்டையிட்டதில் கோட்டையின் பாதிக்கு மேல் இடிந்து போயிற்று. போலந்து மக்கள் 1961-இல் அருங்காட்சியகத்தை நிறுவி, தங்களை அடக்கி ஆள முயன்றவர்களின் கோட்டையைத் தாங்களே செங்கல் செங்கல்லாகத் திரும்ப எழுப்பினார்கள். 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்ந்தது. சுவரை நெருங்கிப் பார்த்தால் பழைய செங்கல் ஒழுங்கற்று, மங்கிய நிறத்தில் இருப்பதும், புதிய செங்கல் சீராக, பளிச்சென்று இருப்பதும் தெரியும். ஆலயத்தின் வெளிச்சுவரில், எட்டு மீட்டர் உயரமுள்ள, வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த அன்னை மரியாளின் உருவம் இருந்தது. 1945-இல் நொறுங்கிய அது 2016-இல்தான் மீண்டும் தன் மாடத்துக்குத் திரும்பியது.

போக விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சுற்றுலா நிறுவனம் வழியாகப் போவதென்றால், எந்த வழிக்கான நுழைவுச்சீட்டு என்பதைப் பதிவு செய்யும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிதான்ஸ்கிலிருந்து ரயில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். படிகள் செங்குத்தானவை, உள்ளே குளிரும். நேரம் குறைவாக இருந்தால் ஆயுதக் கண்காட்சியை விட்டுவிட்டுப் பெரிய உணவறை, கோடைக்கால உணவறை, கருவூலம் என்ற வரிசையில் பாருங்கள். முழுக் கோட்டையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமென்றால் நடைபாலத்தைக் கடந்து நோகாத்தின் எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.

ஆலயத்தின் கீழ் உள்ள புனித அன்னாள் சிற்றாலயத்தையும் விட்டுவிட வேண்டாம். பெருந்தலைவர்களை அடக்கம் செய்த இடம் அது. கோட்டையைக் காத்ததற்காக 1410 நவம்பரில் பெருந்தலைவராக்கப்பட்ட பிளாவன், போரைத் தொடர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாலும் வரிச்சுமையாலும் 1413-இல் பதவியிறக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து, 1429-இல் இறந்தார். முற்றத்தில் சிலையாக நிற்காத அவருடைய கல்லறைப் பலகை அந்தச் சிற்றாலயத்தில்தான் இருக்கிறது. நான் போன நேரத்தில் அங்கே வேறு யாருமில்லை. ஒலிக்கருவி தன் உரையை முடித்த பிறகும் நான் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.